குடத்துக்குள் பேசும் வானொலி

நம்மவர் வீடுகளில் வானொலி வெறும் பொழுதுபோக்குக் கருவி அன்று. பாலக்காட்டு எல்லையில் வாளையாறு, கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் முதலிய ஊர்களிலும், இடுக்கி மலையில் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களின் தோட்டக் குடியிருப்புகளிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு வீதியில் இறங்கினால் பெரும்பாலும் மலையாளமே காதில் விழும். அம்மொழியும் நமக்கு இனிய மொழிதான். எனினும் அந்தி வேளையில் கோவை வானொலியிலிருந்தோ கோடைப் பண்பலையிலிருந்தோ வரும் தமிழ்ச் சொல், வீட்டு முதியவர்களுக்கு ஊரிலிருந்து உறவினர் வந்தது போன்ற ஓர் ஆறுதலைத் தருகிறது. அந்தச் சொல் தெளிவாகக் கேட்கவேண்டாமா?

ஒலிபெருக்கிப் பெட்டியைத் தாமே செய்துகொள்ளும் ஆர்வம் நம் இளைஞரிடையே இன்றும் குறையவில்லை. பழைய பொருள்கள் விற்கும் கடையில் ஓர் ஒலிபெருக்கி, தச்சரிடம் அறுத்து வாங்கிய பலகை, கொஞ்சம் பசை, ஒரு பிடி திருகாணி ஆகியவை இருந்தால் பெட்டி உருவாகிவிடுகிறது. பெட்டியின் உள்ளே எதை அடைப்பது என்ற வினா மட்டும் பலருக்கு விடையில்லாமல் நிற்கிறது. சிலர் ஒன்றுமே அடைப்பதில்லை. வேறு சிலர் கையில் கிடைத்ததையெல்லாம் திணிக்கின்றனர். இரண்டும் பிழை. நானும் அப்பிழையைச் செய்தவன். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்து ரயில்வேயில் எழுத்தர் வேலை பார்க்கும் நான் ஒலியியல் அறிஞன் அல்லன். பட்டுத் தெரிந்துகொண்டதையும், பின்னர் படித்துத் தெரிந்துகொண்டதையும் நம் சங்கத்து அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

என் முதற் பெட்டி

என் தந்தையார் பீர்மேட்டுப் பகுதியில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவர். ஓய்வு பெற்றதும் லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டுப் பாலக்காட்டில் என்னோடு வந்து தங்கினார். மாலைச் செய்தி கேட்பது அவருடைய நெடுநாள் வழக்கம். அதிலும் முல்லைப் பெரியாறு அணையின் நீர்மட்டம் இன்று எத்தனை அடி என்பதைக் கேட்காமல் அவருக்கு உணவு இறங்காது. அந்த நீர் தேங்கும் காட்டை ஒட்டி வாழ்ந்தவர் அல்லவா?

சிறிய வானொலியின் மெல்லிய குரல் அவருக்கு எட்டவில்லை என்று கண்டு, எட்டு அங்குல ஒலிபெருக்கி ஒன்றை வாங்கினேன். 12 மில்லிமீட்டர் கனமுள்ள பிளைவுட் பலகையில் பெட்டி செய்தேன். அதன் உள்ளளவு உயரம் 60 சென்டிமீட்டர், அகலம் 25, ஆழம் 20. கொள்ளளவு 30 லிட்டர். உட்புறம் முழுவதும், தொலைக்காட்சிப் பெட்டி வந்த அட்டைக்குள் இருந்த தெர்மோகோலை வெட்டி ஒட்டினேன். மிகவும் சிக்கனமாக முடித்துவிட்டோம் என்ற பெருமிதம் எனக்கு.

செய்தி தொடங்கியது. தந்தையார் சற்று நேரம் கேட்டார். பிறகு, "ஏம்ப்பா, இவங்க குடத்துக்குள்ள உக்காந்து பேசுறாங்களா?" என்றார். நான் ஒலியைக் கூட்டினேன். குடம் அண்டாவாயிற்று, சொல் விளங்கவில்லை. அணையின் நீர்மட்டம் நூற்றிருபதா, நூற்று முப்பதா என்பது அவருக்குப் பிடிபடவில்லை.

ஒரு வாரம் கழிந்தது. அவர் பெட்டியின் அருகே அமர்வதையே விட்டுவிட்டார். "எனக்குக் காது மந்தமாப் போச்சு" என்று பக்கத்து வீட்டாரிடம் அவர் சொல்வதைக் கேட்டேன். நானும் அதை நம்பினேன். என் கைவேலையின் குறையை என் தந்தையின் முதுமைமேல் சுமத்திவிட்டேன் என்பது அப்பொழுது எனக்குத் தெரியவில்லை.

சமிக்ஞை, தொலைத்தொடர்புப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற மூத்த நண்பர் ஒருவர் ஒருநாள் வீட்டிற்கு வந்தார். பெட்டியின் பக்கப் பலகையை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார், 'டொங்' என்றது. பின்பலகையைக் கழற்றி உள்ளே பார்த்துச் சிரித்தார். "தம்பி, ஆடுகிற ஊஞ்சலை நிறுத்தவேண்டுமானால் எங்கே பிடிப்பாய்? சங்கிலி மாட்டிய விட்டத்தையா, ஆடுகிற பலகையையா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில்தான் இந்தக் கலையின் பாதி அடங்கியிருக்கிறது.

பெட்டிக்குள் நடப்பது என்ன?

ஒலிபெருக்கியின் கூம்பு முன்னும் பின்னும் அசைகிறது. முன்புறம் எழும் ஒலி நம் காதுக்கு வருகிறது. அதே அளவு ஒலி பின்புறமும் எழுந்து பெட்டிக்குள் அடைபடுகிறது. அது எதிர்ப் பலகையில் மோதித் திரும்புகிறது, மீண்டும் மோதுகிறது. பெட்டியின் அளவுக்குப் பொருந்திய ஒலி மட்டும் ஒவ்வொரு முறையும் வலுப்பெற்று நீடிக்கிறது. கூம்பு மெல்லிய காகிதந்தானே! அவ்வொலி அதன் ஊடே கசிந்து, சற்றுத் தாமதித்து வெளியே வருகிறது. குடத்துக் குரல் என்று நாம் கூறுவது பெரும்பாலும் இதுவேயாகும்.

என் பெட்டியையே கணக்கிட்டுக் காட்டுகிறேன். காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 344 மீட்டர் செல்கிறது. உயரம் 60 சென்டிமீட்டர், அதாவது 0.6 மீட்டர். 344-ஐ அதன் இருமடங்காகிய 1.2-ஆல் வகுத்தால் 287 வருகிறது. ஆகவே நொடிக்கு 287 அதிர்வு, அதாவது 287 ஹெர்ட்ஸ், உள்ள ஒலி மேல்பலகைக்கும் கீழ்ப்பலகைக்கும் இடையே நின்று முழங்கும். 25 சென்டிமீட்டர் அகலத்துக்கு இது 688 ஹெர்ட்ஸ். 20 சென்டிமீட்டர் ஆழத்துக்கு 860 ஹெர்ட்ஸ்.

இனி நம் மொழிக்கு வருவோம். 'இ', 'உ' என்னும் உயிர்களை ஒலிக்கும்போது வாயறையில் எழும் முதல் ஒத்ததிர்வு 300 ஹெர்ட்ஸை ஒட்டி அமைகிறது. 'ஆ' என்று வாய் திறந்தால் அது 700-க்கு அருகே செல்கிறது. எந்த ஒலிகளைக் கொண்டு நாம் ஓர் உயிரெழுத்தை மற்றொன்றிலிருந்து பிரித்தறிகிறோமோ, அதே ஒலிகளில் என் பெட்டி தானும் சேர்ந்து பாடிக்கொண்டிருந்தது. அப்படியிருக்க, இருபதும் முப்பதும் தந்தையார்க்கு எவ்வாறு வேறுபட்டுக் கேட்கும்? ஒலியைக் கூட்டினால் பெட்டியின் பாட்டும் கூடத்தான் செய்யும்.

ஊஞ்சலைப் பிடிக்கும் இடம்

இவ்வாறு நின்று முழங்கும் அலையில் பலகையை ஒட்டிய காற்று அசைவதில்லை. அங்கே அழுத்தம் மட்டும் கூடிக் குறையும். நடுவில் உள்ள காற்றுதான் விரைந்து முன்னும் பின்னும் ஓடுகிறது. பஞ்சு ஒலியை அடக்குவது எப்படி? ஓடுகின்ற காற்று பஞ்சிழைகளின் இடையே உராய்ந்து தன் ஆற்றலை இழக்கிறது. அது மிகச் சிறு வெப்பமாக மாறிவிடுகிறது. காற்று ஓடாத இடத்தில் பஞ்சு வைத்தால் உராய்வு ஏது? விட்டத்தைப் பிடித்து ஊஞ்சலை நிறுத்த முயன்றவன் கதைதான்.

பலகைமேல் 2 சென்டிமீட்டர் கனத்தில் துணியோ ஃபெல்ட்டோ ஒட்டினால் சில ஆயிரம் ஹெர்ட்ஸ் உள்ள கூரிய ஒலிகள் அடங்கும். 287 ஹெர்ட்ஸ் அதைப் பொருட்படுத்தாது. அதை அடக்கவேண்டுமானால் 60 சென்டிமீட்டர் உயரத்தின் நடுப்பகுதியில், அதாவது 30 சென்டிமீட்டர் அளவில், பெட்டியின் குறுக்கே பஞ்சு நிற்கவேண்டும். சுவரோரம் மட்டும் மெத்தையிட்டு, நடுவை வெறுமையாக விடும் வழக்கம் பலரிடம் இருப்பதால் இதனை வற்புறுத்திக் கூறுகிறேன்.

காற்று வேறு, பலகை வேறு

குடத்துக் குரலுக்கு மற்றொரு காரணமும் உண்டு. பெட்டியின் பலகையே அதிர்ந்து ஒலிப்பது அது. 'டொங்' என்று நண்பர் தட்டிக் கண்டது இதைத்தான். பலகையின் அதிர்வைப் பஞ்சு நிறுத்தாது. அதற்குக் கனமும் மசிவும் உடைய பொருள் பலகையோடு இறுக ஒட்டியிருக்கவேண்டும். ஜல்லி பரப்பிய பாதையில் செல்லும் ரயிலின் ஓசையையும், ஜல்லியில்லாத இரும்புப் பாலத்தின்மேல் செல்லும் ரயிலின் ஓசையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஜல்லி தண்டவாளத்தைத் தாங்குவதோடு அதிர்வையும் உண்டுவிடுகிறது.

இங்கிலாந்தில் வார்ஃப்டேல் ஒலிபெருக்கிகளைச் செய்த கில்பர்ட் பிரிக்ஸ் என்பவர் இரண்டு பிளைவுட் பலகைகளுக்கு இடையே உலர்ந்த மணலை நிரப்பிப் பெட்டி செய்தார். பி.பி.சி. பொறியாளர்கள் வேறு வழியில் சென்றனர். பலகையை மெல்லியதாகவே வைத்து, உட்புறம் தார் கலந்த தகடுகளை ஒட்டினர். 1970-களின் நடுவில் அவர்கள் உருவாக்கிய எல்.எஸ். 3/5ஏ என்னும் சிறு பெட்டி இம்முறையில் அமைந்தது. பேச்சுக் குரலைத் தெளிவாகத் தருவதில் அது இன்றும் பேர்பெற்றது.

நமக்கு எளிய வழி, மொட்டைமாடியில் நீர்க்கசிவுக்கு ஒட்டும் தார்த்தகட்டை வெட்டிப் பலகையின் நடுப்பகுதியில் ஒட்டுவது. பாலக்காட்டுக் கோடையில் வெப்பம் 40 பாகையைத் தொடும். அப்போது தார் இளகி வழுக்கிவிடும். ஆதலின் பசையை மட்டும் நம்பாமல் சிறு ஆணிகளும் அடிக்கவேண்டும். முன்பலகைக்கும் பின்பலகைக்கும் இடையே ஒரு மரச்சட்டத்தை முட்டுக்கொடுத்தால் பாதி வேலை செலவின்றி முடியும்.

ஊதிப் பார்க்கும் சோதனை

காற்றை அடக்கும் பொருள் நல்லதா என்று அறியக் கருவி வேண்டுவதில்லை. பொருளை வாயருகே வைத்து ஊதுங்கள். காற்று சிறிதும் புகவில்லையாயின் அதனால் பயனில்லை. ஒலி அதன் மேல் மோதித் திரும்பிவிடும். தடையே இல்லாமல் புகுந்து சென்றால் அதுவும் போதாது. சற்றுத் தடைப்பட்டு, மெல்லக் கசிந்து செல்லவேண்டும். அதுவே ஏற்ற பொருள்.

இச்சோதனையில் என் தெர்மோகோல் முதலிலேயே தோற்றது. அதன் நுண்ணறைகள் ஒவ்வொன்றும் மூடியவை. காற்று நுழைய வழியில்லை. முட்டை அடுக்கும் அட்டையை ஒட்டினால் ஒலி அடங்கும் என்று பலர் நம்புகின்றனர். அதுவும் வீண்; மெல்லிய அட்டையின் மேடுபள்ளம் பெட்டிக்குள் குறிப்பிடத்தக்க வேலை எதையும் செய்வதில்லை.

நம் எல்லையில் கிடைப்பவை

இலவம் பஞ்சு: இடுக்கி மலையிலிருந்து போடிமெட்டு வழியாக இறங்கினால் போடிநாயக்கனூர். ஏலக்காய்க்குப் பேர்போன அவ்வூர் இலவம் பஞ்சுத் தொழிலுக்கும் பேர்போனது. அகலப்பாதை வேலைக்காக நின்றிருந்த ரயில் 2023-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் மீண்டும் போடியைத் தொட்டது. போக்குவரத்து இப்போது எளிது. இலவிழை உள்ளே குழலாக அமைந்தது. அதன் மேல் மெழுகு போன்ற பூச்சு உண்டு. அதனால் நீரை எளிதில் ஏற்காது. முற்காலத்தில் கப்பல்களில் உயிர்காப்பு மேலங்கிகளுக்குள் இதை அடைத்ததன் காரணம் அதுவே. ஒலியை அடக்குவதிலும் இது மிக நன்று. குறைகள் மூன்று: நாளடைவில் கீழே படிந்துவிடும், தூசி பறந்து ஒலிபெருக்கியின் குரல் சுருளுக்குள் புகக்கூடும், எளிதில் தீப்பற்றும். முதலிரு குறைகளுக்கும் மருந்து ஒன்றே. மல் துணியில் சிறு தலையணைகளாகத் தைத்து, இடையிடையே மெத்தைக்குப் போடுவதுபோலத் தையல் போட்டுவிட்டால் பஞ்சு படியாது, பறக்காது. இலவு காத்த கிளி ஏமாந்தது காய் முற்றினால் கனியாகும் என்று எண்ணியதால். பஞ்சை எதிர்பார்த்துப் போகிறவன் ஏமாறுவதில்லை.

தென்னை நார்: பாலக்காட்டுப் பக்கத்தாருக்குப் பொள்ளாச்சி அருகில் உள்ளது. 2015 முதல் அப்பாதையும் அகலப்பாதை. 'காயர்' என்னும் ஆங்கிலச் சொல்லே மலையாளத்துக் 'கயர்' என்பதிலிருந்து சென்றது. நம் 'கயிறு' அதன் உடன்பிறப்பு. 1953-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த கயிறு வாரியம் கொச்சியில் இயங்குகிறது. அதன் ஆய்வுக்கூடம் ஆலப்புழையை அடுத்த கலவூரில் உள்ளது. நார் நெடுநாள் உழைக்கும். ஈரத்தில் பஞ்சுபோல் விரைவில் மக்காது. ஆனால் இழை பருமனானது. ஊதிப் பார்த்தால் காற்று தடையின்றிச் சென்றுவிடும். ஆதலின் மெல்லிய அடுக்காக வைத்துப் பயனில்லை. 5 முதல் 10 சென்டிமீட்டர் கனம் வேண்டும். ரப்பர்ப் பால் தெளித்து அழுத்திய நார் மெத்தைத் துண்டு இதைவிட நன்று. இலவந்தலையணை சரியாமல் தாங்கும் அடித்தளமாகவும் அது உதவும்.

பருத்தி: பழைய மெத்தைப் பஞ்சைக் கொட்டி அடித்துப் பயன்படுத்தலாம். சமவெளியில் கெடுதியில்லை. இடுக்கியின் நீண்ட மழைக்காலத்தில் பருத்தி ஈரத்தை இழுத்துப் பூசணம் பிடிக்கும். கூம்பின் காகிதமும் உடன் கெடும். எந்திரம் துடைக்கும் கழிவுப் பஞ்சை எடுத்து அடைக்க எண்ணும் என் போன்ற ரயில்வே அன்பர்கள் அதை விட்டுவிடுவார்களாக. எண்ணெய் தோய்ந்த பஞ்சு தீயின் நண்பன்.

கம்பளி: ஆட்டுமயிர் ஒலியை அடக்குவதில் உயர்ந்தது. 1965-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பெய்லி என்பவர் நீண்ட குழல்வழி கொண்ட பெட்டி ஒன்றை வகுத்தபோது நீளிழைக் கம்பளி மயிரையே அடைத்தார். தோட்டத்தில் உழைத்தவர் வீடுகளில் பழைய கம்பளி ஒன்றாவது இராமல் போகாது. அதை நாலாக மடித்துப் பின்பலகையிலும் பக்கப் பலகைகளிலும் தளர்வாகத் தொங்கவிடலாம். பூச்சி அரிக்கும் என்பதால் நன்கு துவைத்து வெயிலில் உலர்த்திய பின்னரே வைக்கவேண்டும். ஆண்டுக்கொருமுறை திறந்து பார்க்கவும் வேண்டும்.

பாலியெஸ்டர் பஞ்சு: இப்போது தலையணைக் கடைகளில் எங்கும் கிடைக்கிறது. ஈரம் ஏற்காது, பூசணம் பிடிக்காது, பூச்சி தீண்டாது. அடக்கும் ஆற்றல் கம்பளிக்குச் சற்றுக் குறைவாயினும் மலைநாட்டு வீடுகளுக்குக் கவலையற்ற பொருள் இதுவே.

கண்ணாடிப் பஞ்சும் பாறைப் பஞ்சும்: ஆற்றலில் இவை சிறந்தவை. ஆனால் இழை முறிந்து தோலை அரிக்கும், மூச்சில் புகும். கையுறையும் முகமூடியும் இன்றித் தொடலாகாது. வைத்தாலும் துணியில் இறுகச் சுற்றியே வைக்கவேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டில் வேறு பொருள் இருக்க இதை நாடவேண்டுவதில்லை.

ஸ்பாஞ்ச்: ஊதினால் காற்றுப் புகும் வகை மட்டுமே உதவும். வெப்பத்திலும் ஈரத்திலும் சில ஆண்டுகளில் பொடியாக உதிரும். மெத்தைக் கடையின் மலிவான துண்டுகளை நம்பவேண்டா.

எவ்வளவு அடைப்பது?

மூடிய பெட்டிக்கு, லிட்டருக்கு 8 முதல் 15 கிராம் வரை என்பது இலவம் பஞ்சு, கம்பளி மயிர், பாலியெஸ்டர் ஆகிய மூன்றுக்கும் ஏற்றதோர் அளவு. என் 30 லிட்டர்ப் பெட்டிக்கு ஏறத்தாழக் கால் கிலோ முதல் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு வரை. பஞ்சை உதிர்த்து, பிரித்து வைக்கவேண்டும்; அமுக்கித் திணித்தால் அதுவே ஒரு சுவராகிவிடும். கூம்பின் பின்னால் ஓர் உள்ளங்கை அளவு இடம் விட்டு, பழைய கொசுவலைத் துண்டை இழுத்துக் கட்டிவிட்டால் பஞ்சு கூம்பைத் தொடாது.

பஞ்சு அடைப்பதால் மற்றொரு நன்மையும் உண்டு. 1687-ஆம் ஆண்டு வெளியான தம் நூலில் நியூட்டன் ஒலியின் வேகத்தைக் கணக்கிட்டார். அது உண்மை வேகத்தைவிட ஏறத்தாழ 15 விழுக்காடு குறைந்துவிட்டது. ஒலி செல்லும்போது நெருங்கும் காற்று சூடேறுவதையும், விரியும் காற்று குளிர்வதையும் அவர் சேர்க்கவில்லை. பிற்காலத்தில் லாப்லாஸ் என்னும் பிரெஞ்சு அறிஞர் அதைத் திருத்தினார். இங்கே ஒரு விந்தை! பஞ்சு அடைத்த பெட்டிக்குள் இழைகள் அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு, குளிரும்போது திருப்பித் தருகின்றன. எனவே அங்கே நியூட்டனின் பழைய கணக்கே உண்மையை நெருங்குகிறது. ஒலியின் வேகம் குறைய, பெட்டி தன் அளவைவிடப் பெரிய பெட்டிபோல் நடந்துகொள்கிறது. கணக்கின்படி இதன் எல்லை 40 விழுக்காடு. நடைமுறையில் 10 முதல் 25 வரை கிடைத்தால் போதும். 1954-இல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் ஏ.ஆர்.-1 என்னும் சிறிய மூடிய பெட்டியைக் கொண்டுவந்து, பெரிய பெட்டிகளுக்கு ஈடான தாழ்ந்த ஒலியை அதிலிருந்து எழுப்பிக் காட்டினார். அதன் உள்ளும் கண்ணாடி இழை நிறைந்திருந்தது.

துளையோ குழாயோ வைத்த பெட்டிக்கு இந்த அளவு பொருந்தாது. அத்துளையின் வழியே காற்று தடையின்றி ஓடினால்தான் தாழ்ந்த ஒலி பிறக்கும். அங்கே பலகைகளை ஒட்டி மட்டும் 2 அல்லது 3 சென்டிமீட்டர் கனத்தில் மெத்தையிட்டு, நடுப்பகுதிக்கு எதிரே உள்ள இடத்தில் சிறிது கூட்டலாம். துளையின் வாயருகே ஒன்றும் வைக்கலாகாது.

மற்றோர் எச்சரிக்கை: ஒலிமிகைப்பியும் மின்மாற்றியும் ஒரே பெட்டிக்குள் இருந்தால் பஞ்சு அறையைப் பலகை இட்டுத் தனியே தடுத்துவிடுங்கள். சூடேறும் கருவியும் இலவம் பஞ்சும் ஒரே கூரையின்கீழ் வாழலாகாது.

காதே நடுவர்

அடைத்தபின் சோதிக்க இசையைப் போடாதீர்கள். இசை பல குறைகளை மறைத்துவிடும். ஆண்குரலில் செய்தி வாசிப்பதைக் குறைந்த ஒலியில் வையுங்கள். பி.பி.சி. பொறியாளரும் மனிதக் குரலையே உரைகல்லாகக் கொண்டனர். ஒவ்வொரு தலையணையாகச் சேர்த்துக் கேளுங்கள். குரல் நெஞ்சிலிருந்து வராமல் மூக்கிலிருந்து வருவதுபோல் தோன்றினாலோ, உயிரற்று ஒலித்தாலோ மிகையாகிவிட்டது, ஒன்றை எடுத்துவிடுங்கள். கைப்பேசியில் கிடைக்கும் செயலியைக் கொண்டு 100 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரை ஒலியை மெல்ல ஏற்றிக் கேட்டால், எந்த இடத்தில் பெட்டி கூடச் சேர்ந்து முழங்குகிறது என்பது புலப்படும்.

என் பெட்டியைத் திருத்தும் வேலை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்தது. தெர்மோகோலைச் சுரண்டி எறிந்தேன். பக்கப் பலகைகளில் தார்த்தகடு, நடுவில் ஒரு முட்டுச்சட்டம், பெட்டியின் நடுவே குறுக்காக இரண்டு இலவந்தலையணைகள். பின்பலகைக்கு மெத்தையாக எதை இடுவது என்று தேடிக்கொண்டிருந்தேன். தந்தையார் உள்ளே சென்று தம் பெட்டியைத் திறந்து, தோட்டத்தில் கொடுத்த பழைய கம்பளியைக் கொண்டுவந்தார். பீர்மேட்டு மழையிலும் பனியிலும் தலையில் போட்டுக்கொண்டு நின்ற கம்பளி அது. "இங்க என்ன குளிரா அடிக்குது? இதை வைப்பா" என்றார். என் கையால் அதை வெட்ட மனம் வரவில்லை, மடித்தே வைத்தேன்.

அன்று மாலை முன்னைவிடக் குறைந்த ஒலியில் செய்தியை வைத்தேன். தந்தையார் நாற்காலியை இழுத்துப் போடாமல் வாசற்படியிலேயே அமர்ந்து கேட்டார். அணையின் நீர்மட்டம் வந்ததும், அடிக்கணக்கைத் தாமே ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "குடத்தை விட்டு வெளிய வந்துட்டாங்கப்பா" என்றார்.

முதியவர் காதில் உண்மையாகவே குறை இருந்தால் மருத்துவரிடம் காட்டவேண்டியது கடமை. அதற்கு முன்னர், அவர் கேட்கும் பெட்டியின் பின்பலகையை ஒருமுறை கழற்றிப் பாருங்கள். குற்றம் காதில் இல்லாமலும் இருக்கலாம். அதைத் திருத்த அரைக் கிலோ பஞ்சும், ஒரு துண்டுக் கொசுவலையும், ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும்.